கதவைத் தட்டிய பெண்கள்

(நமது ஆஸ்பத்திரியின் வருடாந்திர நன்றி கூடுகையில், ஓய்வு பெற்ற நர்சிங் கண்காணிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. ஆதரவாளர்கள் பலர் கேட்டுக்கொண்டதன் பேரில் இங்கே அச்சிடப்படுகிறது.)

 

யாத்திராகமப் புத்தகத்தை நீங்கள் பலமுறை வாசித்திருப்பீர்கள். அதிலே எகிப்து தேசத்தையே ஆண்ட பார்வோனுடைய பெயர் எழுதப்படவில்லை. ஆனால் பிள்ளைகளைக் கொல்ல மறுத்த இரண்டு மருத்துவச்சிகளின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. சிப்பிராள், பூவாள். ராஜாவின் பெயரை விட்டுவிட்டு மருத்துவச்சியின் பெயரை எழுதி வைக்கிற தேவன் நம்முடைய தேவன். இன்று நானும் சில பெண்களின் பெயர்களை உங்களுக்கு நினைப்பூட்ட விரும்புகிறேன். அவர்கள் தூர தேசத்துக் கதையில் வருகிறவர்கள் அல்ல. நமது பாலாற்றுக் கரையிலே நடந்தவர்கள்.

ஏன் இன்று இதைப் பேசுகிறேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நமது பிரசவ வார்டின் கூரை ஒழுகுகிறது, உங்களுக்கே தெரியும். கூரைக்குப் பணம் போதவில்லை. ஆகவே, பெண்பிள்ளைகளை நர்சிங் படிக்க அனுப்புவதற்காக நீங்கள் வருடாவருடம் கொடுத்துவருகிற படிப்பு நிதியைக் கட்டிட நிதியோடு சேர்த்துவிடலாமா என்று கமிட்டியில் ஒரு யோசனை வந்திருக்கிறது. அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். யோசனை சொன்னவர்கள் நல்லவர்கள், ஆஸ்பத்திரியை நேசிக்கிறவர்கள். அவர்கள் கேட்கிற கேள்வியும் நியாயமானதுதான். அதற்குப் பதில் சொல்லும்முன் பழைய காரியங்களைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

மூன்று தட்டல்கள்

ஐடா சோபியா ஸ்கடர் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நமது ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தா மிஷனெரி டாக்டர், தகப்பனாரும் மிஷனெரி டாக்டர். ஆனால் இந்தப் பெண்ணுக்கோ மிஷனெரியாக வேண்டும் என்ற ஆசை சிறிதும் இல்லை. பஞ்ச காலத்தில் பட்டினிப் பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவர். இந்த தேசத்தை விட்டுப் போனால் போதும் என்று நினைத்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு, தாயார் சுகவீனமாயிருந்ததால் மட்டும் 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்துக்குத் திரும்பி வந்தார்.

அங்கே ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேரின் மனைவிமாரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் வேறொரு இந்துக் குடும்பத்தவர். மூவரும் கேட்டது ஒன்றுதான்: நீங்கள் வாருங்கள் அம்மா. நான் டாக்டர் அல்ல, என் தகப்பனாரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆண் எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று சொல்லி மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பகுதிகளில் வாழ்கிற நமக்கு இந்தக் கதையை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நம் பக்கத்து வீட்டுப் பாட்டிமார், இந்துவானாலும் முஸ்லிமானாலும் கிறிஸ்தவரானாலும், ஆண் டாக்டர் என்றால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பிப் போனதை நாம் கண்டிருக்கிறோம். குறை அந்தப் பெண்கள்மேல் இல்லை. அவர்களுக்கு ஏற்ற வைத்தியர் இல்லாததே குறை.

ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்தார். கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்ட முதல் ஆண்டுகளிலேயே அங்கே படித்து, 1899-இல் பட்டம் பெற்றார். கப்பல் ஏறுமுன் ஆஸ்பத்திரிக்காகப் பணம் திரட்டும்படி கேட்டிருந்தார்கள். ஷெல் என்ற முதியவர் தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900-இல் வேலூரில் தகப்பனாரின் வீட்டிலேயே சிறிய மருந்தகம் தொடங்கியது. சலோமி என்ற உள்ளூர்ப் பெண் கூடவே நின்று காயம் கழுவவும் கட்டுப் போடவும் பழகிக்கொண்டார். நர்சிங் பள்ளியில் கால் வைக்காத அந்த சலோமியை நம்முடைய நர்சுகளுக்கெல்லாம் மூத்த அக்காள் என்றே நான் எண்ணுகிறேன். 1902-இல் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி 40 படுக்கைகளோடு திறக்கப்பட்டது.

151 விண்ணப்பங்கள்

ஆஸ்பத்திரி வந்துவிட்டது, டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். அதோடு நின்றிருக்கலாம் அல்லவா? ஐடா அம்மையார் நிற்கவில்லை. ஒரு டாக்டர் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? 1909-இல் நர்சிங் பள்ளி தொடங்கினார். அதே காலத்தில் மோட்டார் காரில் குடியாத்தம் சாலை வழியாக வாரந்தோறும் போய், மரத்தடிகளில் மருந்து கொடுத்தார். போகிற இடமெல்லாம் அவர் கண்டது நோயாளிகளின் கூட்டம்; காணாதது பெண் வைத்தியர்கள்.

சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது உண்மை. மேரி ஷார்லீப் அம்மையார் அந்த முதல் நால்வரில் ஒருவர். 1912-இல் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அங்கேதான் பட்டம் பெற்றார். வட நாட்டில் லூதியானாவில் 1894 முதல் எடித் பிரவுன் அம்மையாரின் பள்ளி இருந்தது. ஆனாலும் கிராமத்துக்கு வர ஒரு பெண் டாக்டர் வேண்டும் என்றால் கிடைப்பது அரிது.

ஆகவே பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளி தொடங்க அரசாங்கத்திடம் அனுமதி கேட்டார். மாகாணத்தின் மருத்துவத் தலைமை அதிகாரி சிரித்தார். மூன்று விண்ணப்பம் வந்தாலே உங்கள் அதிர்ஷ்டம் என்கிற பாவனையில் பேசி அனுப்பினார். வந்தவை 151 விண்ணப்பங்கள்! எடுக்க முடிந்ததோ இருபதுக்கும் குறைவான பேரைத்தான். 1918 ஆகஸ்ட் 12-ஆம் தேதி பள்ளி திறந்தது. உடற்கூறு பாடத்தை ஐடா அம்மையாரே நடத்தினார். பகலில் நோயாளிகள், இரவில் மறுநாள் பாடத்துக்கான ஆயத்தம்.

முதல் வருட அரசாங்கப் பரீட்சை வந்தது. ஆண்கள் பள்ளிகளில் எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர்தான் தேறினார்கள். வேலூரிலிருந்து எழுதிய 14 பெண்களும் தேறினார்கள். அந்த 14 பேரே 1922-இல் எல்.எம்.பி. சான்று பெற்று, முதல் வகுப்பாக வெளியே வந்தார்கள்.

இந்தப் பள்ளியை வளர்க்கப் பணம் எங்கிருந்து வந்தது? 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் லூசி பீபாடி என்ற விதவை அம்மையார், ஆசியாவில் இருந்த ஏழு கிறிஸ்தவப் பெண்கள் கல்லூரிகளுக்காக வீடு வீடாக, சபை சபையாகப் பணம் திரட்டினார். பெண்கள் 20 லட்சம் டாலர் சேர்த்தால் 10 லட்சம் டாலர் தருவதாக ராக்பெல்லர் நிதி வாக்களித்திருந்தது. சேர்ந்துவிட்டது. வேலூரின் புதிய ஆஸ்பத்திரியும், 1932-இல் பாகாயம் மலையடிவாரத்தில் எழும்பிய கல்லூரிக் கட்டிடங்களும் அப்படிப்பட்ட சிறு காணிக்கைகளின் பலன். காணிக்கை உறையில் நீங்கள் போடுகிற பத்து ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் அப்படிப்பட்ட வம்ச வரலாறு உண்டு.

பல்கலைக்கழகத்தின் கதவு

இனிமேல் சொல்லப்போவதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

1930களின் இறுதியில் சென்னை மாகாண அரசாங்கம் ஒரு முடிவெடுத்தது. எல்.எம்.பி. படிப்பு இனி இல்லை. டாக்டராக வேண்டுமானால் பல்கலைக்கழகத்தின் எம்.பி.பி.எஸ். பட்டம் வேண்டும். வேலூர் பள்ளி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியாக உயர வேண்டும். இல்லாவிட்டால் மூடப்பட வேண்டும். அரசாங்கத்தின் நோக்கம் தவறானது அல்ல. ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே தரமான டாக்டர் வேண்டும் அல்லவா?

அப்போது வேலூரில் கட்டிடம் இருந்தது. அழகான மண்டபங்களும் விடுதியும் சிற்றாலயமும் இருந்தன. போதாதிருந்தது எது? உயர் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் போதவில்லை. கூடுதல் படுக்கைகளும் ஆய்வுக்கூடங்களும் வேண்டியிருந்தாலும், எல்லாவற்றுக்கும் முதலாகக் கேட்கப்பட்டது படித்துத் தேறிய ஆட்கள்தான். கற்சுவர்கள் எழும்பி நின்றும், கல்லூரி மூடப்படும் நிலைக்கு வந்துவிட்டது. நம்முடைய கூரையைக் குறித்துப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த நாட்கள் நினைவுக்கு வருகின்றன.

ஐடா அம்மையாருக்கு வயது 70. ஓய்வெடுக்க வேண்டிய வயதில், உலக யுத்தத்தின் நடுவே 1941-இல் அமெரிக்காவுக்குப் போய் ஊர் ஊராகப் பேசினார். அங்கே ஒரு பெரிய மனவருத்தமும் காத்திருந்தது. ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் எல்லாச் சபைகளும் கைகொடுக்கும், கல்லூரி பிழைக்கும் என்று பலர் சொன்னார்கள். லூசி பீபாடி அம்மையாரோ, இது பெண்களுக்கென்று பெண்கள் கொடுத்த பணம், இதை மாற்றக்கூடாது என்று உறுதியாக எதிர்த்தார். இருவரும் நெடுங்காலச் சிநேகிதிகள். இருவரும் ஜெபிக்கிறவர்கள். ஆனாலும் இந்தக் காரியத்தில் அவர்கள் ஒருமனப்படவில்லை. ஐடா அம்மையார் மிகுந்த வேதனையோடு ஆண்களையும் சேர்க்கும் வழியை ஏற்றுக்கொண்டார்.

1942-இல் பெண்களுக்கு மட்டுமான முதல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1947-இல் பத்து ஆண் மாணவர்கள் முதன்முறையாகச் சேர்ந்தார்கள். பெரும்பாலும் ஆண்களே நிறைந்த மருத்துவக் கல்லூரிகள் பெண்களுக்குக் கதவு திறந்த கதையை நாம் கேட்டிருக்கிறோம். பெண்களின் கல்லூரி ஆண்களுக்குக் கதவு திறந்த கதை வேலூருடையது. 1950-இல் பல்கலைக்கழகத்தின் நிரந்தர இணைப்பு கிடைத்தது.

கதவு திறந்த பின்பு

நர்சிங்கும் பின்தங்கவில்லை. 1946-இல் இந்தியாவில் முதன்முதலாக நர்சிங்குக்குப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு டெல்லியிலும் வேலூரிலும் தொடங்கியது. நர்ஸ் என்றால் படுக்கை விரிக்கிறவள் என்று நினைத்த காலத்தில், சென்னைப் பல்கலைக்கழகம் அவளுக்குப் பட்டதாரி அங்கி அணிவித்தது. அந்தக் காலத்தில் பெண்ணை நர்சிங்குக்கு அனுப்பினால் மாப்பிள்ளை கிடைக்காது என்று சொன்ன ஊர் இது. என் வீட்டிலும் சொன்னார்கள்.

விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் அம்மையார், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அரசாங்கத்தின் பெண்கள் மருத்துவச் சேவையில் நியமனம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணாகி, அதன் தலைமைப் பதவி வரை உயர்ந்தவர். சுதந்திரம் வந்த காலத்தில் வேலூருக்கு வந்து, அந்தக் கல்லூரிக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியரானார். 1961-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருக்கலாம். பிரசவ மருத்துவராக வேண்டும் என்று பயிற்சி எடுத்துவந்தவர். 1954-இல் நடந்த ஒரு கார் விபத்தில் முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போயிற்று. முகத்திலும் கொடிய காயம். இனி என்ன என்று எல்லாரும் நினைத்தபோது, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, டாக்டர் பால் பிராண்ட் அவர்களோடு குஷ்டரோகிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். பிறகு நியூயார்க்கில் புனர்வாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அதற்கென ஒரு துறையை உருவாக்கினார். 1966-இல் பாகாயத்தில் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தத் துறையில் இந்தியாவுக்கே அவர் முன்னோடி. 1972-இல் அவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. தோல் ஷாப்பில் எந்திரத்தில் கை போனவரும், பனைமரத்திலிருந்து விழுந்தவரும் நம் ஊரிலிருந்து பாகாயம் போய், மறுபடி ஒரு தொழில் செய்து பிழைக்கக் கற்றுத் திரும்பியிருக்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் நடக்க முடியாத அந்த அம்மையார் நடந்த தூரம் இருக்கிறது.

நம் காலத்துக்கு வந்தாலும் கதை முடியவில்லை. வேலூரிலேயே எம்.பி.பி.எஸ்., மேற்படிப்பு, ஆராய்ச்சிப் பட்டம் எல்லாம் படித்த டாக்டர் ககன்தீப் காங், வேலூர் நகரின் நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் பிள்ளைகளின் வயிற்றுப்போக்கைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து 2016 முதல் நம் தேசத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியதில் அவருடைய உழைப்புக்கும் பங்குண்டு. 2019-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பணி செய்து அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். மூன்று தாய்மார்கள் ஒரே இரவில் மரித்ததில் தொடங்கிய காரியம், பால்குடிப் பிள்ளைகள் பிழைப்பதில் வந்து நிற்கிறது.

நம் முன்னால் இருக்கிற கேள்வி

இப்போது நமது நிதியைக் குறித்து.

முதலாவது கேள்வி: படிக்க வைத்தால் வெளிநாடு போய்விடுகிறார்களே? உண்மைதான், சிலர் போயிருக்கிறார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் எனக்கும் வளைகுடாவிலிருந்து அழைப்பு வந்தது. பெட்டியும் கட்டினேன். தங்கைக்குக் கலியாணம் ஆகவேண்டியிருந்தது. இங்கே சம்பளமோ சொற்பம். ஆகவே போனவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது, ராத்திரிப் பணியில் ஒரு ஷூ கம்பெனித் தொழிலாளி பிரசவத்துக்கு வந்தார். உதிரம் நிற்கவில்லை. டாக்டர் வந்துசேரும் வரை நானும் ஒரு பயிற்சி நர்சும் மட்டும். அந்தத் தாய் பிழைத்தார். விடியற்காலையில் அவருடைய மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா யாரும்மா இருந்திருப்பா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பெட்டியைப் பிரித்துவிட்டேன். எல்லாருக்கும் அப்படி நேரிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் அனுப்பிப் படித்தவர்களில் தங்கியவர்கள் உண்டு. இன்று நமது பிரசவ வார்டின் இராப் பொறுப்பில் இருக்கிறவரும் உங்கள் பணத்தில் படித்தவர்தான்.

இரண்டாவது கேள்வி: ஐடா அம்மையாரே காணிக்கையின் நோக்கத்தை மாற்றவில்லையா, நாம் மாற்றினால் என்ன? நல்ல கேள்வி. இதை நானும் பல நாள் யோசித்தேன். அவர் மாற்றியது வழியைத்தான். பெண்கள் டாக்டராவது நிற்கவில்லை, நிற்காமலிருக்கவே மாற்றினார். நாமோ படிப்பு நிதியைக் கூரைக்குக் கொடுத்தால், அடுத்த வருடம் ஒரு பெண்பிள்ளையும் நம்மிடமிருந்து படிக்கப் போகமாட்டாள். வழி மட்டுமல்ல, காரியமே நின்றுவிடும். இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த விவாதம் ஒளிவுமறைவில்லாமல், கொடுத்தவர்களின் முன்னிலையில் நடந்தது. பீபாடி அம்மையார் முகத்துக்கு நேரே எதிர்த்துப் பேசினார். நாமும் கொடுத்தவர்களைக் கேட்காமல் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றிவிடக் கூடாது.

கூரை ஒழுகட்டும் என்று நான் சொல்லவில்லை. மழைக்காலத்தில் வாளி வைத்துக்கொண்டு பிரசவம் பார்த்தவள் நான். கூரை அவசியம். ஆனால் கூரைக்கு வேறாகக் கேட்போம். ஒவ்வொரு சபையும் ஒரு ஞாயிறு காணிக்கையைக் கூரைக்கென்று தனியாக எடுத்துத் தரட்டும். கமிட்டி அங்கத்தினர்களும் முதலில் தங்கள் உறையைப் போடட்டும். நானும் என் ஓய்வூதியத்தில் ஒரு மாதத் தொகையைப் போடுகிறேன்.

போன மாதம் ஒரு தாய் என் வீட்டுக்கு வந்தார். ஆம்பூர்ப் பக்கத்தில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவர். மகள் பிளஸ் டூ தேறிவிட்டாள். "சிஸ்டர், இவளையும் அடுத்த மாசம் கம்பெனிக்குக் கூப்புடுறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நிறுத்தி வைக்கிறேன்" என்றார். ஷூ கம்பெனி வேலை இழிவான வேலை அல்ல; அந்த வேலைதான் அந்த வீட்டுக்குச் சோறு போடுகிறது. ஆனால் அந்தப் பிள்ளை நர்ஸாக வேண்டும் என்கிறாள். என்னால் அன்று ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. கமிட்டி முடிவெடுக்கட்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவர்கள் படியிறங்கிப் போனபோது எனக்குத் திண்டிவனத்து வீட்டின் ஞாபகம் வந்தது.

பிரியமானவர்களே, உங்கள் இருக்கையில் ஒரு கடிதத் தாள் வைக்கப்பட்டிருக்கிறது. படிப்பு நிதி தனியாகத் தொடரவேண்டுமா, கூடாதா என்று உங்கள் கருத்தை எழுதி, உங்கள் சபையின் பெயரோடு வாசலில் உள்ள பெட்டியில் போடுங்கள். என் கருத்துக்கு மாறாக எழுதினாலும் எனக்கு வருத்தமில்லை. எழுதாமல் போனால்தான் வருத்தம். அடுத்த கூட்டத்தில் கமிட்டி அவற்றை வாசித்த பின்பே முடிவெடுக்கும் என்று ஐயர் அவர்கள் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

விதவையின் இரண்டு காசைக் கண்ட ஆண்டவர் உங்கள் உறைகளையும் காண்கிறார். அவர் உங்களையும், உங்கள் பெண்பிள்ளைகளையும், இந்த ஆஸ்பத்திரியின் வாசலுக்கு இன்றிரவு வரப்போகிற தாய்மார்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.